வட்ட முனை

1979 அக்டோபர் 9 காலை, ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருந்த சலூனில், ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவரின் இடது காது மடலில் சவரக் கத்தி பட்டு மூன்று தையல் போடப்பட்டது.

அந்தக் கத்தியைச் செய்தவள் சலூன்காரரின் தங்கை.

சலூன்காரரைச் சந்தில் எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். அவரைவிடப் பத்து வயது இளையவளான தங்கையை அவர் மட்டும் இன்னும் பாப்பா என்று கூப்பிட்டார்; அவளுக்கு வயது நாற்பத்தாறு, மூக்குக் கண்ணாடி போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. நகரத்தின் மறுகோடியில் அவளும் கணவனும் ஒரு பட்டறை வைத்திருந்தார்கள். தையல்காரர்களுக்குக் கத்தரிக்கோல், ஆஸ்பத்திரிகளுக்கு அறுவைக் கத்தி, நாவிதர்களுக்கு மடக்குச் சவரக் கத்தி. இரும்பைச் சாணைச் சக்கரத்தில் பிடிப்பவள் அவள். பிடி செய்து ஆணி அறைவது கணவன்.

கத்தி விஷயத்தில் மாஸ்டருக்குப் பிடித்தது கொஞ்சம், பிடிக்காதது நிறைய. அலகில் தங்க எழுத்து பொறித்திருந்தால் பிடிக்காது. மனுஷன் முகத்துக்குப் பக்கத்தில் விளம்பரப் பலகை எதற்கு என்று கேட்பார். அகலமான அலகு பிடிக்காது. அது மீன் நறுக்க ஆகும். தந்தம் போலத் தெரிகிற பிளாஸ்டிக் பிடியைப் பொய்ப்பல் என்பார். அலகுக்கும் பிடிக்கும் நடுவே, விரல் பதிகிற கழுத்துப் பகுதியில், வழுக்காமல் இருக்க வரி வரியாக வெட்டிவைப்பார்கள். அதைக் கண்டாலே அவர் முகம் சுளிப்பார். தன் விரலை நம்பாதவன் தொழிலுக்கு ஏன் வருகிறான் என்பது அவர் கேள்வி. எல்லாவற்றையும்விட அவருக்கு ஆகாதது வட்ட முனை. அலகின் நுனியில் மூலை இல்லாமல், நகம் வெட்டியது போல வளைத்துவிட்ட கத்தி. கை படியாதவர்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். தொழிலில் இருக்கிற யாரும் ஒருவன் கத்தியைத் திறக்கும்போது முதலில் நுனியைத்தான் பார்ப்பார்கள். வட்டமாக இருந்தால் அதற்குமேல் அவனைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டியதில்லை.

அவருக்கு வேண்டியது ஒடுங்கிய அலகு, கறுப்புக் கொம்புப் பிடி, சதுரமான நுனி. அந்த நுனியின் மூலையால் மீசைக்குமேல் கோடு இழுப்பார், காதோரக் கிருதாவை அடிமட்டம் வைத்தது போல வெட்டி நிறுத்துவார். இரண்டு பக்கமும் நன்றாகக் குழித்துச் சாணை பிடித்த, விளிம்புக்கு வரவரத் தாளாக மெலிகிற அலகாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட அலகு தாடியில் இறங்கும்போது ஒரு சத்தம் எழும், இழுத்துக் கட்டிய கம்பியை நகத்தால் தொட்டது போல. மாஸ்டர் அதைப் பாட்டு என்பார். பாடாத கத்தி அவர் கடையில் தங்கியதில்லை.

தங்கை முதன்முதலாக அவருக்குச் செய்துகொடுத்த கத்தியின் முதுகில் ஆசை ஆசையாக ஒரு கொடி செதுக்கியிருந்தாள். மறுநாளே பதில் வந்தது: கொடி ரொம்ப அழகாக இருக்கிறது, சுவரில் மாட்டிவிட்டேன், சவரத்துக்கு ஒன்று அனுப்பு. அன்றைக்கு அழுதாள். அதற்கப்புறம் இருபது வருடத்துக்குமேல் அவருக்காகவே கத்தி செய்து செய்து, அவருடைய வெறுப்பெல்லாம் எப்போது தனக்குச் சொந்தமானது என்று அவளுக்கே தெரியவில்லை. வேறு கடைக்காரர்கள் தங்க எழுத்தும் வட்ட முனையும் கேட்டால் செய்துகொடுப்பாள். மனசு அதில் இருக்காது. அண்ணனுடைய கத்தியைச் சக்கரத்தில் பிடிக்கும் நாளில் பட்டறையில் யாரும் அவளோடு பேசக்கூடாது.

அந்த வருடத் தொடக்கத்திலிருந்தே பதம் போட வந்த கத்திகள் அவளுக்கு ஏதோ சொல்லின. பல வருடங்களாக மாஸ்டரின் கத்திகள் ஒரே மாதிரிதான் தேய்ந்து வரும், விளிம்பு முழுக்கச் சீராக. இப்போது நுனிப்பக்கம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பொக்கை விழுந்திருந்தது, கத்தி எதிலோ தட்டியது போல. முதுகில் குறுக்கே கீறல்கள். தோல்வாரில் தீட்டும்போது அலகு நேராகப் போகாமல் துள்ளினால்தான் அப்படிக் கீறும். கழுத்தின் ஓரங்கள் பளபளவென்று மின்னின. விரல்கள் முன்பைவிட இறுக்கிப் பிடிக்கின்றன. பொக்கையைத் தேய்த்து, கீறலை மெருகேற்றித் திருப்பி அனுப்பினாள். எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் அண்ணி வந்திருந்தபோது, உங்க அண்ணன் டம்ளரை இப்போதெல்லாம் இரண்டு கையால் பிடிக்கிறார் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். வயசாகுது இல்ல என்று இவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

ஆகஸ்டு கடைசியில், கடை விடுமுறை நாள் ஒன்றில், மாஸ்டர் பட்டறைக்கு வந்தார். வழக்கமாக வந்ததும் வராததுமாக மேஜைமேல் கிடக்கிற கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் குறை சொல்வார். அன்றைக்கு எதையும் தொடவில்லை. வலது கை சட்டைப்பையிலேயே இருந்தது. கொடுத்த டீயை இடது கையால் வாங்கினார்.

"பாப்பா, ஒரு கத்தி வேணும். முனை வட்டமா இருக்கட்டும். கழுத்துல மேலயும் கீழயும் வரி போடு, நல்லா ஆழமா. அலகு கனமா வேணும், ரொம்பக் குழிக்காத. வாலும் கொஞ்சம் நீளமா விடு, ரெண்டு விரல் வைக்கிற மாதிரி."

ஆணி அறைந்துகொண்டிருந்த கணவன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"என்ன மச்சான், உங்களுக்குப் பிடிக்காததெல்லாம் ஒரே கத்தியிலயா? தங்க எழுத்த மட்டும் விட்டுட்டீங்களே."

"எனக்கில்லப்பா. கடைக்குப் புதுசா ஒரு ஆள் வர்றான்."

எந்த ஊர் ஆள் என்று அவன் கேட்டான். பக்கம்தான் என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

புது ஆள் யாரும் வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். மாஸ்டர் கடையில் இரண்டாவது நாற்காலி ஒன்று உண்டு. அதன்மேல் பழைய வாரப் பத்திரிகைகள் முழங்கால் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். அதைக் காலி செய்கிற எண்ணம் அவருக்கு என்றைக்குமே இருந்ததில்லை. கத்தி யாருக்கு என்று அவளுக்குப் புரிந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

இரும்பை எடுத்துத் தயார் செய்தாள். நுனியில் ஒரு நாணயத்தை வைத்து, அதன் வளைவை ஊசியால் கீறிக்கொண்டாள். வட்ட முனைக்கு எப்போதும் அப்படித்தான் அளவெடுப்பாள். சக்கரம் சுற்றத் தொடங்கியது. அலகைக் கொண்டுபோனவள், கல்லைத் தொடுவதற்குமுன் கையை இழுத்துக்கொண்டாள்.

கடையில் எதிரும் புதிருமாகப் பெரிய கண்ணாடிகள். அவர் கத்தியைத் திறந்தால் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் அது தெரியும். அடுத்த தெரு சலூன்காரர்கள் மத்தியான நேரத்தில் அரட்டைக்கு வருவார்கள். அவர்கள் கத்திகளைப் பற்றி மாஸ்டர் வருடக்கணக்காகப் பேசிய பேச்சுக்கு, ஒரு பார்வையிலேயே பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். 

நாணயத்தின் கீறலை அழித்தாள். நுனியைச் சதுரமாகவே விட்டு, மூலையின் கூர்மையை மட்டும் சன்னமான கல்லில் மழுக்கினாள். விரலை வைத்து அழுத்தினால் குத்தாது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. வரிகளைக் கழுத்தின் அடிப்பக்கம் மட்டும், கட்டைவிரல் மறைக்கிற இடத்தில் போட்டாள். அலகின் நடுவில் இரும்பைக் கொஞ்சம் கூடுதலாக விட்டாள். விளிம்புக்குப் பக்கத்தில் மட்டும் பழையபடி குழித்தாள். கனம் கூடியது, பாட்டும் போகவில்லை. கழுத்துக்குப் பின்னால் விரல் ஊன்றுகிற வால் ஒரு நெல்லளவு நீளம். கேட்டது எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது, ஒன்றும் வெளியே தெரியவில்லை. இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எதையும் செய்ததில்லை என்று அவளுக்கே தோன்றியது.

கறுப்புக் கொம்பை எடுத்துப் பிடியாக அறையும்போது கணவன் அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அவர் கேட்டது இது இல்லையே."

"அவருக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியும்."

"பிடிச்சதையா கேட்டாரு?"

அவள் அடுத்த வேலையை எடுத்தாள்.

வாங்க வந்த மாஸ்டர் ஜன்னல் பக்கம் போய்க் கத்தியைத் திறந்தார். நுனியைப் பார்த்தார். வெளிச்சத்தில் சாய்த்து மறுபடியும் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் விளிம்பைச் சுண்டியதும் மெல்லிய ஒலி எழுந்தது. அவர் முகத்தில் இருந்த இறுக்கம் அந்த ஒலியோடு தளர்ந்தது. நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லி மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார். புது ஆளைப் பற்றி அவரும் பேசவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அவர் போனபிறகு அவளுக்கு அன்று முழுவதும் மனசு லேசாக இருந்தது.

செப்டம்பர் அப்படியே போயிற்று.

அக்டோபர் ஒன்பதாம் தேதி பிற்பகல், கடையில் போடும் வெள்ளைக் கோட்டோடு மாஸ்டர் பட்டறைக்கு வந்து நின்றார். பேருந்தில் அந்தக் கோலத்தோடேயே வந்திருக்கிறார். கத்தியை மேஜைமேல் வைத்தார். நடந்ததைச் சொன்னபோது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நில அளவையாளருக்குக் காதோரத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கை துள்ளியது. துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் தானாகவே ஆஸ்பத்திரிக்கு நடந்துபோனார். கூடப் போன மாஸ்டரிடம், பரவாயில்லை மாஸ்டர் என்று நான்கைந்து முறை சொன்னார். தையல் போடும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் கத்தியை எடுத்து நுனியைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே பார்த்தாள். என்ன நடந்திருக்கும் என்று உடனே தெரிந்தது. மழுக்கியது மூலையை மட்டும்தான். மூலைக்கு மயிரிழை பின்னால் விளிம்பு அப்படியே கூராக இருந்தது. நுனி சதுரமாக இருந்ததால் அவர் கையும் பழக்கப்படி மூலையை வைத்துக் காதோரம் வரைக்கும் போய்விட்டது. வட்ட முனையாக இருந்திருந்தால் அந்த இடத்துக்கு அவர் கத்தியைக் கொண்டுபோயிருக்கவே மாட்டார்.

"நான் கேட்ட மாதிரி செஞ்சிருக்கலாம் பாப்பா."

"அது அசிங்கமா இருக்கும்ணா. உன் கையில அதப் பாக்க முடியாது."

"அசிங்கம்னு தெரிஞ்சுதானே கேட்டேன்."

கணவன் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டான். மாஸ்டர் வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். சும்மா கிடந்தபோது அது சாதாரணக் கைதான். பிறகு கத்தியை எடுத்து, சவரம் செய்கிற வாக்கில் அந்தரத்தில் பிடித்தார். அலகு ஆடத் தொடங்கியது. பெரிய ஆட்டமில்லை, ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு எதிர்ச்சுவரில் நடுங்கியது.

"பாத்துக்கோ. வேலைக்குப் போனாத்தான் இப்படி. போன வருஷ வெயில்ல ஆரம்பிச்சது. டாக்டர்கிட்ட காட்டினேன். உசுருக்கு ஒண்ணும் இல்லையாம், ஆனா போகாதாம். கனமா எதையாவது பிடிச்சா கொஞ்சம் அடங்குது. சுத்தியல் பிடிச்சுப் பாத்தேன், அடங்குச்சு. அதான் கனமா கேட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"நீ கேட்டிருக்கலாம்ல."

அவள் கத்தியை அவர் கையிலிருந்து வாங்கி மடக்கினாள். அவரே தொடர்ந்து பேசினார்.

"உன்ன மட்டும் சொல்லல. திறந்து பாத்ததும் எனக்கு ஆசை வந்துடுச்சு. இது நான் கேட்டது இல்லன்னு அங்கயே தெரியும். திருப்பிக் கொடுத்துட்டுப் போயிருக்கணும். பாட்டுக் கேட்டதும் எல்லாம் மறந்துபோச்சு. அந்த மனுஷன் காதுக்கு நாம ரெண்டு பேரும்தான் பொறுப்பு."

புதுக் கத்தியைப் புது இரும்பில்தான் செய்ய வேண்டியிருந்தது. பழையதில் குழித்துவிட்ட இரும்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அந்த வாரம் மாஸ்டர் கடையைத் திறக்கவில்லை; காலையில் பட்டறைக்கு வந்து சாயங்காலம்வரை இருந்தார். இரும்பு உருவாகிற ஒவ்வொரு நிலையிலும் அவள் அதை அவர் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். அலகு இன்னும் கனமாக வேண்டும் என்று தெரிந்தது. பழைய கத்தியைவிட இரண்டு பங்கு தடிமனில், ஆப்பு மாதிரி நிறுத்தினாள். அகலத்தையும் கூட்டியபோது ஆட்டம் இன்னும் குறைந்தது. மீன் நறுக்கலாம் போல இருக்கு என்று அவரே சொன்னார்; யாரும் சிரிக்கவில்லை. கழுத்தின் மேலேயும் கீழேயும் ஆழமாக வரி வெட்டினாள். அப்போதும் விரல் இறுக்கம் போதவில்லை. வரிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டாள். வால் நீண்டது. கொம்பு ஈரத்தில் வழுக்கியதால் அதையும் விட்டார்கள். சொரசொரப்பாக இழைத்த மரப்பிடியைக் கணவன் கொண்டுவந்தான்.

கடைசியாக நுனி. நாணயத்தை வைத்துக் கீறினாள். இந்த முறை பெரிய நாணயம். சக்கரத்தில் பிடித்தபோது மாஸ்டர் பக்கத்திலேயே நின்றார். பொறி பறந்தது, மூலை போயிற்று. ஈரத் துணியில் துடைத்து அவரிடம் நீட்டினாள். அவர் நகத்தால் சுண்டிப் பார்க்கவில்லை.

"ரொம்ப அசிங்கமா இருக்கு," என்றார். "நல்லா செஞ்சிருக்க."

தங்க எழுத்து ஏதாவது போடட்டுமா என்று கணவன் கேட்டான். அந்த ஒன்றாவது தன்னோடு சாகட்டும் என்றார் மாஸ்டர்.

முதல் சவரத்துக்கு ஆள் தேட வேண்டாம், நான் உட்காருகிறேன் என்று கணவனே சொல்லிவிட்டான். மூவரும் சேர்ந்து சலூனுக்குப் போனார்கள். திங்கட்கிழமை காலை, கடை திறந்ததுமே அடுத்த தெரு சலூன்காரர் ஒருவர் செய்தித்தாளோடு வந்து உட்கார்ந்துவிட்டார். காதில் தையல் போட்ட விவரம் அவருக்குத் தெரியும், சந்துக்கே தெரியும். கணவன் நாற்காலியில் சாய்ந்து கழுத்தை நீட்டினான்.

"பாத்து மச்சான். கழுத்து போச்சுன்னா புதுசு செஞ்சு கொடுக்க உங்க தங்கச்சியாலயும் முடியாது."

மாஸ்டர் நுரை பூசினார். கத்தியைத் திறந்தார். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்த கடைக்காரர் கண்ணாடியில் அதைப் பார்த்தார். நுனியைப் பார்த்தார், பிறகு மாஸ்டரைப் பார்த்தார், பிறகு செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். தங்கை வாசல் பக்கம் நின்றிருந்தாள். அலகு கன்னத்தில் இறங்கியபோது அவள் காது பழக்கப்படி எதையோ எதிர்பார்த்தது. ஒன்றும் கேட்கவில்லை. கனத்த இரும்பு சத்தமே இல்லாமல் நுரையை வழித்துக்கொண்டு போயிற்று. காதோரம் வந்ததும் மாஸ்டர் நிறுத்தினார், கோடு போடவில்லை. கிருதாவைக் கத்தரிக்கோலும் சீப்புமாகச் சரிசெய்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தார். ஒரு கீறலும் இல்லை.

அன்றிலிருந்து சவரத்துக்கு உட்காருகிற ஒவ்வொருவரிடமும், துண்டு போடுமுன், அவர் ஒரே விஷயத்தைச் சொன்னார்: கை நடுங்குகிறது, கத்தியை அதற்குத் தகுந்தாற்போல மாற்றியிருக்கிறேன், காதோரம் கோடு போடமாட்டேன், இஷ்டம் இருந்தால் உட்காருங்கள். சிலர் உட்கார்ந்தார்கள். சிலர் இன்றைக்கு முடி மட்டும் போதும் என்றார்கள். சிலர் ஏதோ ஞாபகம் வந்தவர்கள் போல எழுந்து போனார்கள்.

நில அளவையாளர் தையல் பிரித்தபின் ஒருநாள் வந்தார். தங்கை அன்றைக்குப் பதம் போட்ட கத்தரிக்கோல்களைக் கொடுக்க வந்திருந்தாள். மடலின் ஓரத்தில் கோணலாக ஒரு தழும்பு. மாஸ்டர் எல்லோரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னார். அந்த மனிதர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். கத்தியைக் காட்டச் சொல்லி வாங்கி, முனையில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"வேண்டாம் மாஸ்டர். தப்பா நினைக்காதீங்க. மனசு ஒப்புது, காது ஒப்பல."

"சரிங்க சார்."

"முடி வெட்டிக்கிறேன்."

மாஸ்டர் அவருக்கு முடி வெட்டினார்.

அடுத்த ஆண்டு மே மாதம்வரை மாஸ்டர் அந்தக் கத்தியால் சவரம் செய்தார். அதுவரைக்கும் யாருக்கும் காயம் பட்டதில்லை. ஜூனில், கனமான கத்தியிலும் கை அடங்கவில்லை என்று தங்கையிடம் சொன்னார். அவள் இன்னும் கனமாக ஒன்று செய்யட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். அந்த மாதக் கடைசியில் சலூனை அந்த அடுத்த தெருக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார்.